கடைபோகக் கிழங்கும் இந்த ஆண்டு உறைபனியும்: இப்போதே எதை நம்பலாம்?

மேட்டுத்தோட்டம் | 10 செப்டம்பர் 2023

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் நஞ்சநாட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. கடைபோகம் எனப்படும் ஆண்டின் கடைசி நடவுக்கான விதைக்கிழங்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்த மாதம் நடுவுக்குள் உருளைக்கிழங்கு நடவை முடித்தாக வேண்டும். நிலம் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று சரிவில் உள்ளது, ஓரளவு காய்ந்த மண். மற்றது ஓடையை ஒட்டிய பள்ளம்; கரிய மண், தண்ணீருக்குக் குறைவில்லை, விளைச்சலும் அங்கேதான் கூடுதல். ஆனால் உறைபனி இறங்கினால் முதலில் கருகுவதும் அந்தப் பள்ளம்தான்.

இந்த மாத நடுவில் நட்டால் நவம்பர் நடுவில் பயிருக்கு அறுபது நாள் வயது. கிழங்கு பருக்கும் அந்த நேரத்தில் பனியில் இலை போய்விட்டால் பொடிக்கிழங்குதான் மிஞ்சும். டிசம்பர் கடைசி வரை பனி தள்ளிப்போகும் என்றால் பள்ளத்தில் நடுவதே லாபம். ஆகவே பனி எப்போது தொடங்கும் என்ற ஊகத்தைப் பொறுத்தே என் முடிவு இருக்கிறது.

நான் கவனித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம் முழுவதும் மழை ஏமாற்றிவிட்டது. வழக்கமாகச் சாரலும் மூட்டமுமாக இருக்க வேண்டிய நாட்களில் வானம் வெளுத்துக் கிடந்தது. இந்த மாதத் தொடக்கத்திலேயே விடியற்காலையில் புல்லில் நீர்ப்பனி நன்றாகப் படிந்திருக்கிறது. குளிர்காலத்தில் வரும் வாலாட்டிக் குருவிகள் ஓடைக் கற்களின் மேல் இப்போதே ஓடித் திரிகின்றன. தென்மேற்கு மழை பொய்த்த ஆண்டில் பனி முந்திக்கொள்ளும், கடுமையாகவும் இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், இது எல் நினோ ஆண்டு, குளிரே இருக்காது என்று கைபேசியில் காணொளிகள் வந்த வண்ணம் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதால், வானிலையைத் தொடர்ந்து கவனிப்பவர்களும் மலையில் பயிர் செய்து பழகியவர்களும் இதற்கு விளக்கம் தந்தால் உதவியாக இருக்கும்.

கார்முகில் நோக்கர் | 11 செப்டம்பர் 2023

வணக்கம். நான் வானிலைத் துறையில் பணியாற்றுபவன் அல்லன். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் மழைக் கணக்கைப் பொழுதுபோக்காகத் தொடர்ந்து பார்த்து வருபவன். உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் விடை தெளிவாகும். குளிர்காலம் சராசரியாக எப்படி இருக்கும் என்பது ஒரு கேள்வி. உங்கள் பள்ளத்தில் முதல் உறைபனி எந்த இரவில் விழும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குச் செப்டம்பரில் ஓரளவு ஊகம் சொல்லலாம். இரண்டாவதை மூன்று நான்கு நாட்களுக்கு முன்னால்தான் சொல்ல முடியும்.

உறைபனி விழுவதற்குக் குளிர்ந்த ஊராக இருந்தால் மட்டும் போதாது. வானத்தில் மேகம் இருக்கக் கூடாது, காற்று அசையக் கூடாது, காற்றில் ஈரமும் குறைவாக இருக்க வேண்டும். பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் மேல்நோக்கி உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. மேகமும் காற்றிலுள்ள ஈரமும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அவை இல்லாத இரவில் புல்மட்டத்தின் வெப்பநிலை, ஆளுயரத்தில் இருக்கும் வெப்பமானி காட்டுவதைவிட 3 முதல் 5 டிகிரி வரை கீழே போகும். வெப்பமானி 4 டிகிரி காட்டும் காலையிலும் தரையில் வெண்மையாக உறைபனி படிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இனி நீலகிரியின் நாட்காட்டியைப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீளும் பனிக்காலத்தின் முன்பாதி, வடகிழக்குப் பருவமழையோடு அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிறது. பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்குவது வழக்கம். டிசம்பர் வரை விட்டுவிட்டு நீடிக்கும். ஆகவே நவம்பரில் உறைபனி வருமா என்ற உங்கள் கேள்வி, உண்மையில், நவம்பரில் மழைக்கு நடுவே நீண்ட இடைவெளி வருமா என்ற கேள்விதான். குளிரை விட்டுவிட்டு மேகத்தைக் கணக்கெடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

எல் நினோவுக்கு வருகிறேன். கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறும் இந்த நிலை தொடங்கிவிட்டதாக அமெரிக்க வானிலை மையம் கடந்த ஜூன் மாதமே அறிவித்துவிட்டது. தென்மேற்குப் பருவமழையை எல் நினோ பெரும்பாலும் குறைக்கும். இந்த ஆகஸ்ட், 1901 முதல் உள்ள பதிவுகளில் நாடு முழுவதற்குமாக மிக வறண்ட ஆகஸ்ட். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் இதன் போக்கு தலைகீழ்: எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு மழை கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். 1997-இலும் 2015-இலும் அப்படித்தான் நடந்தது. 2015 டிசம்பர் முதல் நாளில் சென்னை மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இதோடு, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் சுமத்திரா ஓரம் குளிர்ந்தும் இருக்கும் நேர்மறை இருமுனை நிலையும் இப்போது உருவாகி வருகிறது. அதுவும் வடகிழக்கு மழைக்குச் சாதகமான பக்கமே.

எனினும் இவை வாய்ப்புக் கணக்குகள், உறுதிமொழிகள் அல்ல. எல் நினோவுக்கு எதிர்நிலையான லா நினாவில் நமக்கு மழை குறையும் என்பது பொது விதி. 2016-இல் அந்த விதி அப்படியே பலித்து, தமிழ்நாட்டுக்கு வழக்கமான 44 செ.மீ. அளவில் 62 விழுக்காடு வரை குறைந்தது. அதே லா நினா நிலவிய 2021-இல் மழை வழக்கத்தைவிட 59 விழுக்காடு கூடுதலாகக் கொட்டியது. 2010-உம் அப்படி ஒரு விதிவிலக்குத்தான்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களின் கூற்றை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். மழை பொய்த்த ஆண்டில் மண் வறண்டிருக்கும். வறண்ட மண் பகல் வெப்பத்தைச் சேமித்து வைக்காது, ஆகவே இரவில் விரைவாகக் குளிரும். அந்த அளவில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வறட்சி நவம்பர் வரை நீடித்தால்தானே? இடையில் அக்டோபர் மழை வந்து மண்ணை நனைத்துவிட்டால் ஆகஸ்ட் மாதத்தின் வறட்சிக்கு நவம்பர் இரவில் எந்த வேலையும் இல்லை. இப்போது நீங்கள் பார்க்கும் நீர்ப்பனியும் வானம் தெளிந்திருந்ததன் விளைவுதான். நடந்து முடிந்த இரவைப் பற்றி அது உண்மை சொல்கிறது, வரப்போகும் மாதங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வாலாட்டிக் குருவியைப் பொறுத்தவரை, நீங்கள் பார்ப்பது மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகும் கொண்ட இனமாக இருக்கும். இமயமலைப் பகுதியிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருவது அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் வாக்கில் வந்துவிடும். பகல் நேரம் குறைவதையும் வடக்கே உள்ள நிலைமையையும் பார்த்துப் புறப்படும் பறவை அது; நஞ்சநாட்டு நவம்பரைப் பற்றி அதற்கு எந்தத் தகவலும் கிடையாது. வரவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மகிழ்ச்சிக்காக.

ஆக, என் ஊகம் இதுதான்: நவம்பரிலும் டிசம்பர் முற்பாதியிலும் மேகமூட்டமான இரவுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம், உறைபனி தாமதமாகவே தொடங்கலாம். நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து என்று சொல்லும் அளவு நம்பிக்கைதான் எனக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை இம்மாத இறுதி வாக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான முன்கணிப்பை வெளியிடும். அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அது தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து பகுதிகளையும் சேர்த்துச் சொல்வது. நீண்ட காலச் சராசரியான 334 மி.மீ. அளவில் 88 முதல் 112 விழுக்காடு வரை எது பெய்தாலும் அதன் பெயர் 'இயல்பு'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நஞ்சநாட்டுப் பள்ளத்தில் எதையும் தீர்மானிக்க முடியாது.

தேயிலைக்காரர், கோத்தகிரி | 12 செப்டம்பர் 2023

தம்பி, மேலே எழுதியிருப்பவர் கடலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் நிலத்தைப் பார்த்துச் சொல்கிறேன். மாவட்டம் ஒன்றாக இருந்தாலும் பனிக்கு அது ஒரே ஊர் அல்ல. வடகிழக்கு மழை கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரி, குன்னூர் பக்கம்தான் நன்றாக இறங்கும். அவலாஞ்சி, அப்பர் பவானி போன்ற மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குதான் மழைக்காலம். வடகிழக்குக் காலத்தில், எங்களுக்கு மூட்டம் கவிந்திருக்கும்போதே அங்கு வானம் தெளிந்துவிடும். ஆண்டுதோறும் முதல் உறைபனிச் செய்தி அவலாஞ்சி, தலைக்குந்தா, காந்தல் என்று அந்தப் பக்கத்திலிருந்தே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நஞ்சநாடு இரண்டுக்கும் இடைப்பட்டது. தமிழ்நாடு முழுவதற்கும் மழை கூடினாலும் உங்கள் வானம் தெளிந்திருக்க இடம் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது நிலத்தின் கிடை. குளிர்ந்த காற்று எடை கூடியது. இரவில் அது சரிவு வழியே தண்ணீர் போலக் கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தேங்கிய இடத்துக்கு வெளியேற வழி இல்லையென்றால் விடிய விடியக் குளிர் ஏறிக்கொண்டே போகும். சரிவின் நடுப்பகுதி, உயரமாக இருந்தும், அடிவாரத்தைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். எங்கள் பக்கம் பழைய தேயிலைத் தோட்டங்களில் ஓடையோரத்துத் தாழ்ந்த துண்டுகளை வெறுமனே விட்டிருப்பதைப் பார்க்கலாம், சோம்பலால் விட்டதல்ல. நம் மலையின் புல்வெளிகளில் சோலை மரக் கன்றுகள் எளிதில் தலைகாட்டாததற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் உறைபனியும் ஒன்று. மரமே தோற்ற இடத்தில் கிழங்குச் செடி எம்மாத்திரம்?

உங்கள் பள்ளத்தின் கீழ்முனையில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லையே. அங்கு அடர்த்தியான வேலியோ, புதரோ, சாலைக்கான மேடோ குறுக்கே இருந்தால் குளிர்காற்று வெளியேறாமல் தேங்கும். புதராக இருந்தால் தரையை ஒட்டிக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். இதற்கு எந்த முன்கணிப்பும் தேவையில்லை. எல் நினோ வந்தாலும் வராவிட்டாலும் பலன் தரும்.

பஞ்சாங்கம் பார்ப்பவன் | 12 செப்டம்பர் 2023

நான் ஈரோட்டுக்காரன். இங்கே யாரும் கர்ப்போட்டத்தைப் பற்றிப் பேசவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. மார்கழி மாதத்தில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறத்தாழப் பதினான்கு நாட்களில் மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது, தூறல் உண்டா, காற்று எப்படி என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டின் மழையைச் சொல்வது நம் முன்னோர் வழக்கம். பஞ்சாங்கத்தில் கர்ப்போட்டம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் இன்றும் அச்சாகின்றன. கடந்த மார்கழியில் எங்கள் பக்கம் மேகம் நன்றாக ஓடியது. ஆகவே மழைக்குக் குறைவிருக்காது, பனி பிந்தும் என்பதே என் கணிப்பு.

கார்முகில் நோக்கர் | 12 செப்டம்பர் 2023

ஐயா, கர்ப்போட்டத்தை நானும் ஆர்வத்தோடு படித்திருக்கிறேன். மேகக் கருவைப் பற்றி விரிவாக எழுதியவர் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர். பிருகத் சம்கிதை என்ற நூலில் அவர் வைத்த கணக்குப்படி, கருக்கொண்ட நாளிலிருந்து 195-ஆம் நாளில் மழை பிறக்கும். டிசம்பர் 29-இல் தொடங்கும் கர்ப்போட்டத்துக்கு 195 நாட்களைக் கூட்டிப் பாருங்கள். ஜூலை 12 வாக்கில் வந்து நிற்கும். அதாவது அந்தக் கணக்கின் இலக்கு தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அதை நீட்டுவது பிற்காலத்தில் நாம் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். கடந்த மார்கழியின் மேகம் நன்றாக ஓடியது என்கிறீர்கள். அந்தக் கணக்கு குறிவைக்கும் பருவத்தில், இந்த ஆகஸ்ட் எப்படிக் காய்ந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்துவிட்டோம்.

ஆனால் மழையைப் பற்றிய நம் பழமொழிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை, அந்தி ஈசல் பூத்தால் அடைமழை, தட்டான் தாழப் பறந்தால் மழை என்பவை எல்லாம் சில மணி நேரத்துக்கோ ஓரிரு நாளுக்கோ உள்ளானவை. காற்றின் ஈரத்தையும் அழுத்தத்தையும் அந்த உயிர்கள் உணர்ந்து நடப்பதை நாம் படித்துக்கொள்கிறோம். அவை பெரும்பாலும் பொருத்தமாகவே இருக்கும். பல மாதங்களுக்கு அப்பால் கைநீட்டும் குறிகளில்தான் எனக்கு ஐயம்.

பஞ்சாங்கம் பார்ப்பவன் | 13 செப்டம்பர் 2023

195 நாள் கணக்கு எனக்குப் புதிது, பார்க்கிறேன். இருந்தாலும் எங்கள் பாட்டனார் சொல்லித் தவறியதில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

மேட்டுத்தோட்டம் | 13 செப்டம்பர் 2023

அனைவருக்கும் நன்றி. தேயிலைக்கார ஐயா கேட்டதற்கு விடை: பள்ளத்தின் கீழ்முனையில் ஊராட்சிச் சாலை மேடாகப் போகிறது, அதன் அடியில் ஒரு சிறு குழாய்ப் பாலம் மட்டுமே உண்டு. நீர் வெளியேறும் அளவுக்குக் காற்று வெளியேறாது என்று இப்போதுதான் புரிகிறது. பள்ளம் முழுவதையும் கைவிட மனம் வரவில்லை. மேல்பாதியில் மட்டும் நட்டு, கீழ்பாதியில் உறைபனியை ஓரளவு தாங்கும் முட்டைகோசு போடலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் செய்தால், பனி விழும் இரவை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

தேயிலைக்காரர், கோத்தகிரி | 14 செப்டம்பர் 2023

நல்ல யோசனை. ஒரு சாதாரண வெப்பமானியை வாங்கி, பள்ளத்தில் பயிர் நிற்கும் உயரத்தில், ஒரு சாண் குச்சியில் கட்டிவிடுங்கள். வீட்டுச் சுவரில் மாட்டுவதால் பயன் இல்லை. மாலை ஆறு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறதா, காற்று அடங்கிவிட்டதா, எட்டு மணிக்குள் வெப்பமானி வேகமாக இறங்குகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் அன்றிரவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வானிலைச் செயலிகளில் பனிவிழுநிலை என்று ஒன்று வரும், காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை அது. மாலையில் அது 8, 9 டிகிரி இருந்தால் நீர்ப்பனியோடு போய்விடும். பூஜ்ஜியத்தை நெருங்கி இருந்தால் உறைபனிக்கு இடமுண்டு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்று சொல்லப்படும் செடியின் கிளைகளால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றங்காலுக்கும் இளந்தேயிலைக்கும் அது சரி. கிழங்குக் காடு முழுவதையும் மூட ஆள் கூலி கட்டாது. தண்ணீர்தான் வழி. முன்தினம் மாலையிலேயே மண்ணை நனைத்துவிட்டால் ஈரமண் வெப்பத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். விடியலில் வெயில் படுவதற்கு முன் தெளிப்பானைத் திறந்து இலையில் படிந்த பனியைக் கழுவுவதும் வழக்கம். ஆனால் நடுஇரவில் தெளிக்கத் தொடங்கினால் விடியும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் மின்சாரம் போய் நின்றுவிட்டால், நனைந்த இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது குளிர் இன்னும் கூடி, தெளிக்காத தோட்டத்தைவிட மோசமாகிவிடும்.

கார்முகில் நோக்கர் | 14 செப்டம்பர் 2023

இரண்டு செய்திகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வங்கக் கடலில் உருவாகும் புயல் நம்மை நெருங்காமல் ஆந்திரம் நோக்கி விலகிப் போகும் நாட்களைக் கவனியுங்கள். அப்போது உள்நாட்டின் மேல் உலர்ந்த காற்று நுழைந்து, ஈரமான வாரத்தின் நடுவிலேயே தெளிந்த இரவுகள் வரக்கூடும். இரண்டாவது, மழை டிசம்பரோடு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் பொங்கல் வரை நீண்ட மழை, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்துவிட்டது. என் ஊகம் பலித்து மூட்டமும் சாரலும் நீடிக்குமானால் உங்களுக்குப் பனி எதிரியாக இருக்காது. பின்பருவ இலைக்கருகல் நோய்தான் வரும். பனிக்கான செலவில் ஒரு பங்கை மருந்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

மேட்டுத்தோட்டம் | 21 ஜனவரி 2024

இந்த இழையைப் பிறகும் சிலர் தேடிப் படிப்பதாகத் தெரிவதால், நடந்ததை எழுதிவிடுகிறேன். சரிவு முழுவதிலும் பள்ளத்தின் மேல்பாதியிலும் கிழங்கு நட்டேன், கீழ்பாதியில் முட்டைகோசு.

நவம்பரில் உறைபனி எங்கள் நிலத்தை எட்டிப்பார்க்கவில்லை. அந்த மாதம் நான்காம் வாரத்தில் கோத்தகிரிப் பக்கம் ஒரே நாளில் 23 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அந்த அளவு இல்லை, ஆனால் மூட்டம் விலகவே இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரை கடந்த பிறகு, இரண்டொரு இரவுகள் தெளிந்தன. பள்ளத்து வெப்பமானி 4 டிகிரி வரை இறங்கியது, நீர்ப்பனியோடு நின்றுவிட்டது.

இலைக்கருகல்தான் ஆட்டிப்படைத்தது. இலை ஓரத்தில் வெந்நீர் பட்டது போன்ற கரும்பச்சைத் திட்டு முதலில் தெரிந்தது. காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் விளிம்பில் வெண்பூசணம் மெல்லியதாகப் படர்ந்திருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் இதைப் பனிக் கருகல் என்றே சாதித்தார். பனி என்றால் வெயில் ஏறியதும் செடி முழுவதும் ஒரே நாளில் கறுத்துத் தொங்கிவிடும், இப்படித் திட்டுத் திட்டாகப் பல நாட்கள் பரவாது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லி மருந்தை முன்கூட்டியே தெளித்த சரிவுத் துண்டு தப்பியது. ஈரம் காயாத பள்ளத்தில் பாதிக்கு மேல் இலை போய்விட்டது.

ஜனவரி முதல் வாரம் கடந்தும் மழை விடவில்லை. பொங்கல் வாக்கில்தான் வடகிழக்குப் பருவமழை விலகியது. விலகிய சில நாட்களிலேயே வானம் கண்ணாடியாகத் தெளிந்து, தலைக்குந்தா, காந்தல் பக்கம் 1 டிகிரி என்று செய்தித்தாள்களில் வந்தது. எங்கள் பள்ளத்தின் கீழ்பாதியில் முட்டைகோசின் மேல் உப்புப் பூத்தாற்போல் உறைபனி. மேல்பாதியில் நோய்க்குத் தப்பி நின்ற கிழங்குச் செடிகளும் நேற்று முன்தினம் கருகிவிட்டன. சரிவில் இன்னும் பச்சை இருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி: செடி கருகிய துண்டில் கிழங்கை உடனே தோண்டிவிடுவதா, சில நாள் மண்ணிலேயே விடுவதா? மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்குவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுகிறார்கள்.

தேயிலைக்காரர், கோத்தகிரி | 21 ஜனவரி 2024

அவசரப்பட வேண்டாம் தம்பி. செடி செத்த பிறகும் கிழங்கின் தோல் முதிரப் பத்து முதல் பதினைந்து நாட்கள் ஆகும். இப்போதே தோண்டினால் விரல் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்து, மூட்டையில் வியர்த்து அழுகும். உங்கள் துண்டில் நோயும் இருந்திருப்பதால், கருகிய இலைகளையும் தண்டுகளையும் முதலில் அரிந்து தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள். நோய்ப்பட்ட இலை மண்ணில் கிடந்தால் மழையோடு இறங்கிக் கிழங்கையும் பிடிக்கும். மேலே தெரியும் கிழங்குகளுக்கு மண் அணையுங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் மண் காய்ந்த ஒரு நாளாகப் பார்த்துத் தோண்டலாம். அந்தத் துண்டுக் கிழங்கை மட்டும் தனியாகப் பரப்பி ஆற வைத்துப் பொறுக்கிய பிறகு அனுப்புங்கள், விதைக்கு எடுக்காதீர்கள்.